கொழும்பில் ஐஸ் ஹொக்கி பழகலாமா? நண்பர்களோடு தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு காலைகளில் சில்லுச் சப்பாத்தும் ஹொக்கி மட்டையுமாக இறங்கத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், பிறகு கேட்கிறார்கள். வேலையிடத்திலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுதாக எழுதிவைத்தால் உதவும் என்று நினைத்தேன்.

கொழும்பில் ஐஸே இல்லையே, பிறகு எங்கே பழகுவது?

போட்டி நடத்தக்கூடிய அளவில் ஐஸ் திடல் இங்கே இல்லை. அதனால் நாங்கள் பழகுவது சில்லில். ஒரே நேர்கோட்டில் நான்கு சில்லு வைத்த இன்லைன் ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டு கொங்கிரீட் தரையில் விளையாடுகிறோம். இதற்கு இன்லைன் ஹொக்கி என்று பெயர், இதற்கும் உலகப் போட்டிகள் நடக்கின்றன. ஐஸ் இல்லாத காலத்தில் கனடியப் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். வீதியில் டெனிஸ் பந்தை வைத்து விளையாடுவார்கள், வாகனம் வந்தால் கோலைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். ஒழுங்கைக் கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு அது புதிதில்லை.

இடத்துக்கு நான் சொல்வது கூடைப்பந்துத் திடல், அல்லது தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம். இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்காமல் போய் விளையாடி, காவலாளியோடு வாக்குவாதப்பட்டு, அந்த இடம் அடுத்து வருகிறவர்களுக்கும் இல்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். காலிமுகத்திடல் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் சரிவராது. நடைபாதையில் சனம், பட்டம் விடும் பிள்ளைகள், சில்லுக்குள் போகும் கடல் மணல்.

சில்லில் பழகியது ஐஸில் உதவுமா?

நிறைய உதவும். ஓர் இடத்தில் மட்டும் உதவாது, அந்த இடத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முழங்காலை மடித்து நிற்பது, ஒரு காலில் எடையைப் போட்டு மற்றக் காலால் பக்கவாட்டில் தள்ளுவது, திரும்பும்போது ஒரு காலுக்கு மேலால் மற்றக் காலை எடுத்து வைப்பது, தலையைக் குனியாமல் பந்தைக் கொண்டுபோவது எல்லாம் அப்படியே ஐஸுக்கும் பொருந்தும். இதையெல்லாம் இங்கே பழகிவிட்டுப் போகிறவர் ஐஸில் முதல் அரை மணி நேரத்துக்குள் சுவரை விட்டுவிடுவார்.

உதவாதது, ஓட்டத்தை நிறுத்தி நிற்பது. ஐஸ் ஸ்கேட்டின் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதன் இரு பக்கமும் இரண்டு கூரான விளிம்புகள். ஐஸில் நிற்பவர் இரண்டு காலையும் குறுக்காகத் திருப்பி, அந்த விளிம்பால் ஐஸைச் சீவி நிற்கிறார். தொலைக்காட்சியில் வெள்ளைத் தூள் பறப்பது அதனால்தான். சில்லு அப்படிச் சீவாது. கொங்கிரீட்டைக் கவ்வும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். ஆகவே சில்லில் நிற்க ஒரு முறை, ஐஸில் நிற்க இன்னொரு முறை. ஐஸுக்குப் போகும் நாளில் நிற்பதைத் திரும்ப ஒன்றிலிருந்து பழகவேண்டும்.

எத்தனை பேர் சேர்ந்தால் தொடங்கலாம்?

நான்கு பேர் போதும், ஆறு பேர் என்றால் மிகவும் நல்லது. ஐஸ் ஹொக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல் காப்பாளர், இரண்டு பின்கள வீரர், மூன்று முன்கள வீரர். ஆனால் அந்தத் திடல் 60 மீற்றர் நீளம், 26 முதல் 30 மீற்றர் அகலம். கூடைப்பந்துத் திடல் 28க்கு 15 மீற்றர்தான், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதற்குள் மூன்றுக்கு மூன்று பேர் விளையாடினால் அளவாக இருக்கும்.

தனியாகத் தொடங்கவேண்டாம் என்பேன். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, "மச்சான், கீழே நிக்கிறன், இறங்கி வா" என்று ஒரு அழைப்பு வராமல் நான் எத்தனை நாள் எழும்பியிருப்பேன் என்று சொல்லமுடியாது. இன்னொன்று, ஒருவருடைய பிழையை மற்றவர் பார்த்துச் சொல்லலாம். தான் முழங்காலை மடித்திருப்பதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். எங்களில் ஒருவர் மூன்று வாரம் தூண்போல நேராக நின்றுகொண்டே "மடிச்சுத்தானே நிக்கிறன்" என்று சொன்னார். கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது.

முதலில் என்ன சாமான் வாங்கவேண்டும்?

ஸ்கேட், தலைக்கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், மணிக்கட்டுக் கவசம். மட்டை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஸ்கேட்டில் எல்லாரும் விடும் பிழை பெரிதாக வாங்குவது. சப்பாத்து அளவையே வாங்குவார்கள், சிலர் தடித்த காலுறைக்கு இடம்விட்டு இன்னும் பெரிதாக வாங்குவார்கள். ஹொக்கி ஸ்கேட் பெரும்பாலும் உங்கள் சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிதாகவே பொருந்தும். போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை மடித்தால் குதி பின்னால் போய் இறுகி, விரல் விலகவேண்டும். குதி உள்ளே மேலும் கீழும் அசைந்தால் அந்தச் சோடி உங்களுக்கு உரியதல்ல, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

சில்லின் கடினத்தைச் சில்லிலேயே எழுதியிருப்பார்கள்: 76ஏ, 82ஏ என்று. எண் கூடினால் கடினம் கூடும். மண்டபத்துக்குள் விளையாட 72 முதல் 76 வரை. வெளியே கொங்கிரீட்டிலும் தாரிலும் 80க்கு மேல். மண்டபத்துக்கான மெல்லிய சில்லை நம் வெயிலில் கொதிக்கும் தாரில் ஓட்டினால் சில கிழமைகளில் பென்சில் அழிறப்பர்போலத் தேய்ந்துவிடும்.

இவற்றை எங்கே வாங்குவது?

சாதாரண இன்லைன் ஸ்கேட்டும் கவசங்களும் கொழும்பின் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. ஹொக்கிக்கென்றே செய்த ஸ்கேட், மட்டை, கையுறை வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவைப்பதே நாங்கள் கண்ட வழி. ரொறன்ரோவில் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு அளவு வளர்கிறார்கள், அதனால் பாவித்த நல்ல சாமான் அங்கே மலிவு. மட்டைதான் சிக்கல். பெரியவர்களின் மட்டை ஒன்றரை மீற்றர் நீளம், பயணப்பெட்டிக்குள் போகாது. பிடித்தண்டு தனியாகவும் அடிப்பலகை தனியாகவும் விற்கிறார்கள், அவற்றை இங்கே பொருத்திக்கொள்ளலாம். அல்லது நான்கைந்து மட்டையைச் சேர்த்துக் கட்டி ஒருவர் ஒரே தடவையில் கொண்டுவரலாம்.

கோலை வாங்கவே வேண்டாம். ஹொக்கிக் கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பீவீசி குழாயும் மூலைப் பூட்டுகளும் ஹாட்வெயார் கடையில் எடுத்து, அடிக்குழாய்க்குள் மணல் நிரப்பி, பின்னால் மீன் வலையைக் கட்டினோம். ஒரு பின்னேர வேலை. இரண்டு வருடமாகத் தாங்குகிறது.

முதல் மாதம் என்ன செய்வது?

மட்டையைத் தொடாதீர்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சொல்கிறேன்.

சில்லில் விழுகிறவர்கள் அதிகம் உடைப்பது மணிக்கட்டை. விழும்போது கை தானாகவே முன்னால் நீளும், முழு எடையும் அதில் இறங்கும். மணிக்கட்டுக் கவசத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது, அது அந்த அடியை வாங்கிக்கொண்டு கையைத் தரையில் சறுக்க விடுகிறது. ஆனால் அந்தக் கவசத்தோடு மட்டையைச் சரியாகப் பிடிக்கமுடியாது. மட்டை வேண்டுமென்றால் கவசத்தைக் கழற்றவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாவது கிழமையே கழற்றினார். ஆறு கிழமை வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அவர் கட்டோடு வந்து வாங்கில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறுகள் எனக்கு இன்னும் மனதை உறுத்துகின்றன. நான் அன்றைக்குத் தடுத்திருக்கவேண்டும்.

ஆகவே முதல் மாதம் கால் மட்டும். சறுக்குவதைவிட நிற்பதை முதலில் பழகுங்கள். எங்கள் முறை இது: ஒரு செருப்பைத் தரையில் வைப்போம். பதினைந்து அடி தூரத்திலிருந்து மெதுவாக வந்து அதற்கு முன்னால் நிற்கவேண்டும். ஒரு காலில் எடை முழுவதும். மற்றக் காலைப் பின்னால் குறுக்காக, ஆங்கில டீ எழுத்துப்போல, தரையில் மெல்ல இழுக்கவேண்டும். சரியாகச் செய்தால் 'சர்ர்ர்' என்று ஒரே சீரான சத்தம் கேட்கும், கொங்கிரீட்டில் ஒரு மெல்லிய கோடு விழும். 'டக் டக்' என்று துள்ளினால் பின்காலில் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். சத்தத்தை வைத்தே திருத்தலாம். பத்துத் தடவையில் ஒன்பது தடவை செருப்பைத் தொடாமல் நிற்கிறவருக்கு மட்டை கொடுப்போம். சிலருக்கு மூன்று கிழமை, சிலருக்கு இரண்டு மாதம்.

மட்டை வரும் நாளில் ஹொக்கிக் கையுறையும் வரவேண்டும். அது விரலை மற்ற மட்டைகளிடமிருந்து காக்கும். மணிக்கட்டைக் காப்பது அதற்குள் நீங்கள் பழகியிருக்கும் விழும் முறைதான்.

எப்படி விழுவது?

முன்னால், கீழே, முழங்கால் கவசத்தின் மேல். பின்னால் சாய்கிறோம் என்று தோன்றினால் உடனே இரண்டு முழங்காலையும் மடித்துக் கையால் அவற்றைப் பிடியுங்கள். அநேகமாக விழமாட்டீர்கள். எழும்பும்போது ஒரு காலை மட்டும் ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்காலில் அழுத்தி எழும்புங்கள். புல்லில் ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டு இருபது தடவை வேண்டுமென்றே விழுந்து பாருங்கள். பயம் பாதி அங்கேயே போய்விடும்.

நான் வலக்கைக்காரன். மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும்?

வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது. அடிப்பலகை ஒரு பக்கம் வளைந்திருப்பதால் பிறகு மாற்றமுடியாது. பழக்கமான கையை மேலே வைத்தால் ஒரு கையால் மட்டையை ஆள்வது சுலபம், கனடாவில் வலக்கைக்காரர் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஆனால் நாம் சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் மட்டையை இடக்கை மேலே, வலக்கை கீழே பிடித்து வளர்ந்தவர்கள். ஒரு தும்புத்தடியை எடுத்துத் தரையில் பந்தைத் தள்ளிப் பாருங்கள். யோசிக்காமல் எந்தக் கை கீழே போகிறதோ அதுவே உங்கள் பக்கம். நீளத்துக்கு, ஸ்கேட் இல்லாமல் நின்றால் மட்டை மூக்கு வரை வரவேண்டும். ஸ்கேட்டோடு நின்றால் நாடி வரை.

பாடசாலையில் ஹொக்கி விளையாடியிருக்கிறேன். அது உதவுமா?

இடைவெளியைப் பார்த்துப் பந்தைக் கொடுக்கும் புத்தி அப்படியே உதவும். கை கொஞ்சம் குழம்பும். புல்தரை ஹொக்கியில் மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், இங்கே இரண்டு பக்கமும் பாவிக்கலாம். அந்தப் பழக்கம் மாற ஒரு மாதம் எடுக்கும்.

பந்தா, பக்கா?

ஐஸில் பாவிக்கும் பக் என்பது கெட்டியான ரப்பர் வட்டு: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்பு, 156 முதல் 170 கிராம் எடை. கொங்கிரீட்டில் அது சறுக்காது, விளிம்பில் நின்று சில்லுபோல உருண்டு ஓடிவிடும். துள்ளல் போன பழைய டெனிஸ் பந்தில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும். மென்பந்துக் கிரிக்கெட்டுக்குச் சுற்றுவதுபோலத்தான். வீட்டில் பக்கோடு பழக ஆசையென்றால் ஒரு பழைய வெள்ளைப்பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் தள்ளுங்கள். மாடி வீடு என்றால் கீழ்வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

சட்டதிட்டம் எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும்?

தொடக்கத்தில் மூன்றே மூன்று. மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. ஆளை இடிக்கக்கூடாது. கோல் காப்பாளர் பந்தை மூடினால் ஆட்டம் நிற்கவேண்டும்.

போட்டி பார்க்க இன்னும் கொஞ்சம் வேண்டும். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. திடலின் குறுக்கே இரண்டு நீலக் கோடுகள். எதிரணியின் நீலக் கோட்டைப் பக் கடக்கும் முன் தாக்குகிறவர் கடந்தால் ஓஃப்சைட். தன் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணிக் கோல் கோட்டையும் தாண்டினால் ஐசிங். சிறு தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்கவேண்டும், அந்த நேரம் அவருடைய அணி ஒருவர் குறைவாக விளையாடும். வீரர்கள் ஏன் ஒரு நிமிடத்துக்குள் மாறி மாறி வருகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். முழு வேகத்தில் 45 விநாடி சறுக்கிப் பாருங்கள், விளங்கும்.

யாரும் கோல் காப்பாளராக நிற்க விரும்புவதில்லையே?

சுழற்சியில் நில்லுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருவர். டெனிஸ் பந்துக்குக் கிரிக்கெட் கால் கவசமும் கம்பி வைத்த கிரிக்கெட் தலைக்கவசமும் விக்கெட் காப்பாளர் கையுறையும் தாராளமாகப் போதும். பக் என்றால் இவை போதாது, முயற்சிக்கவே வேண்டாம். எங்களில் ஒரு தங்கச்சி விக்கெட் காப்பாளராக இருந்தவர். இப்போது அவர் அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தருவதில்லை.

பெண்பிள்ளைகள் சேர்ந்து விளையாடலாமா?

கட்டாயம். எங்கள் ஆறு பேரில் இருவர் பெண்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹொக்கி 1998 நாகானோவிலிருந்து இருக்கிறது. வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று 2024 ஜனவரியில் தொடங்கியது. பக்கத்திலேயே லடாக்கில், குளிரில் உறையும் குளங்களில் விளையாடிப் பழகிய பெண்கள்தான் இந்திய அணியின் முதுகெலும்பு.

முப்பத்தைந்து வயதாகிறது. பிந்திவிட்டதா?

இல்லை. உடம்பு சூடேற இளையவர்களைவிடப் பத்து நிமிடம் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் மழையையும் எப்படிச் சமாளிப்பது?

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முன் முடியுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு மழை வரும். காலை அநேகமாகத் தப்பும். கவசத்துக்குள் வியர்வை ஊற்றும், வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை சுற்றும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், செவ்விளநீர், இல்லாவிட்டால் ஒரு ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்று.

ஈரத் தரையில் இறங்காதீர்கள். வழுக்குவது ஒன்று, தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடுவது இன்னொன்று. கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றே போதும். ஒரு மாதம் பல்கனியில் விட்ட என் ஸ்கேட்டின் சில்லைக் கையால் சுழற்றினேன், அரைச் சுற்றில் நின்றது. துருவேறியிருந்தது. எட்டுச் சில்லுக்குப் பதினாறு பேரிங், எல்லாம் மாற்றினேன். இப்போது விளையாடி முடிந்ததும் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உள்ளே வைக்கிறேன்.

நல்ல ஆட்டங்களை எந்த நேரத்தில் பார்க்கலாம்?

இது நமக்கு வசதியானது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்) ஆட்டம் கொழும்பில் மறுநாள் காலை ஐந்தரைக்கு வரும். பக்கைத் தேடாதீர்கள், தொடக்கத்தில் கண்ணுக்கு அகப்படாது. பக் இல்லாத ஒரு வீரரைத் தெரிந்தெடுத்து அவர் எங்கே போய் நிற்கிறார் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்தம் இருந்தால் ஒரு அணியும் தானாக அமைந்துவிடும். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அந்த லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967இல். அங்கே இருக்கும் என் மச்சாள் அந்த அணியை விட்டபாடில்லை, நானும் விடமாட்டேன்.

உண்மையான ஐஸில் முதல் முறை போகும்போது?

துபாய், பேங்கொக், கோலாலம்பூர் எல்லாவற்றிலும் ஐஸ் திடல் இருக்கிறது. கனடாவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் ரொறன்ரோ நகரசபைக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலேயே ஸ்கேட் வாடகைக்கு எடுத்து இறங்கலாம். பொது நேரத்தில் மட்டை அனுமதியில்லை, அதுவும் நல்லதுதான்.

நான் முதலில் இறங்கியது ஒரு ஜனவரியில், மச்சாளோடு. எனக்கு நினைவிருப்பது சத்தம். சில்லு உருளும் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, தகடு ஐஸைக் கீறும் அந்த மெல்லிய 'க்ரிச்' புதிதாக இருந்தது. ஒரே தள்ளலில் நினைத்ததைவிட இரு மடங்கு தூரம் போனேன். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் விளிம்பால் ஐஸை வெளிப்பக்கமாகச் சீவிச் சீவி, ஒரு சின்ன வெள்ளைக் குவியல் சேரும் வரை பழகினேன். நிற்பது அங்கிருந்துதான் வந்தது. நீங்களும் முதல் அரை மணி நேரத்தை அதற்கே கொடுங்கள். கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் கொஞ்சம் தளர விடுங்கள்.

வீட்டில் அம்மா அப்பா பயப்படுகிறார்களே?

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, மறுத்துப் பேசாதீர்கள். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டமொன்றில் அடம் ஜோன்சன் என்ற அமெரிக்க வீரரின் கழுத்தை இன்னொருவரின் ஸ்கேட் தகடு வெட்டி, அவர் இறந்துபோனார். அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹொக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. சில்லில் அந்த ஆபத்து இல்லை. ஐஸில் மட்டையோடு இறங்கும் முதல் நாளே கழுத்துக் கவசம், பல் காப்பு, முகக் கம்பி வைத்த தலைக்கவசம் மூன்றும் இருக்கவேண்டும். அம்மாவை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வந்து வாங்கில் இருத்துங்கள். எங்கள் நண்பரின் அம்மா அப்படி வந்தவர். இப்போது எங்களுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறார்.

சாமான் மணக்கிறதே, என்ன செய்வது?

நம் ஊர் ஈரக் காற்றில் பைக்குள் ஒரு இரவு மூடி வைத்தாலே பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். ஸ்கேட்டின் நாக்கை முன்னால் இழுத்து விட்டு, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். துணிக் கவசங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். கையுறையை மட்டும் வெயிலில் காயப்போடாதீர்கள், உள்ளங்கைத் தோல் விறைத்து வெடித்துவிடும்.